மலை ஏறும் வண்டிக்கு டயர் பார்ப்பது

கோயம்புத்தூரில் டயர் கடை வைத்திருப்பவன் மலையை மறந்து தொழில் செய்ய முடியாது. மேட்டுப்பாளையம் தாண்டினால் குன்னூர் ஏற்றம். ஆழியாறு தாண்டினால் வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கினால் கல்லட்டிச் சரிவு, அங்கே இரண்டாவது கியரை விட்டால் பிரேக் கருகும். திங்கட்கிழமை என் கடையில் மாட்டிய டயர் அந்த ஞாயிற்றுக்கிழமையே குடும்பத்தோடும் சாமான்களோடும் இதில் ஏதோ ஒரு மலையில் நிற்கும். யார் வந்து “இந்த சைஸ் என் வண்டிக்கு மாட்டுமாங்க?” என்று கேட்டாலும் என் கண்ணுக்கு முதலில் தெரிவது அந்த மலைதான். ஐந்து பேரும், டிக்கி நிறையப் பையும், ஈரத் தார்ச்சாலையும், எதிரே வரும் பஸ்ஸும். அந்த நிலையில் தாங்குகிற டயர் எதுவோ அதுதான் அந்த வண்டியின் சைஸ். சமதரையில் நின்ற வண்டியில் மாட்டிப் பார்த்து, சக்கரம் சுற்றுகிறது என்பதால் மட்டும் ஒரு சைஸைச் சரி என்று நான் சொன்னதில்லை.

புது வண்டிக்கு இந்தக் கேள்வியே அபூர்வம். கம்பெனி எழுதியிருப்பது கடையில் இருக்கும், வாங்கி மாட்டினால் முடிந்தது. பழைய வண்டிக்காரர்கள்தான் அலைகிறார்கள். சிலருக்கு அவர்களுடைய சைஸ் கடைகளில் கிடைப்பதில்லை. சிலர் கையில் வண்டி வரும்போதே முந்தைய சொந்தக்காரர் எதையோ மாட்டியிருப்பார். எது அசல் சைஸ் என்றே அவர்களுக்குத் தெரியாது. இன்னும் சிலருக்கு வண்டி அழகாக நிற்க வேண்டும், அலாய் போட வேண்டும். மூவருக்கும் நான் தொடங்குகிற இடம் ஒன்றுதான். டயரில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பார்ப்பதற்கு முன், வண்டிப் புத்தகத்திலோ கதவோரத்துப் பட்டியிலோ கம்பெனி என்ன சொல்லியிருக்கிறது என்று தேடுவேன். தொழில் கற்றுக்கொடுத்த அண்ணன் எங்களுக்குப் போட்ட சட்டம் அது. மாட்டியிருக்கிற டயர் முந்தைய ஆளின் முடிவு, புத்தகத்தில் இருப்பது வண்டியைச் செய்தவனின் முடிவு என்பார்.

மாருதி 800-ஐ எடுத்துக்கொள்வோம். 1983 முதல் 2014 வரை தயாரான வண்டி. எங்கள் பக்கத்தில் இன்னும் எத்தனையோ வீட்டு வாசலில் நிற்கிறது. அதன் டயரில் 145/70 R12 69S என்று இருக்கும். 145 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 70 என்பது அந்த அகலத்தில் 70 சதவீதம் பக்கச் சுவரின் உயரம், அதாவது 101.5 மில்லிமீட்டர். R என்றால் ரேடியல். 12 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். ஒரு அங்குலத்துக்கு 25.4 என்று பெருக்கினால் 304.8. அதோடு மேலே ஒரு சுவர், கீழே ஒரு சுவர் கூட்டினால் முழு விட்டம் 507.8 மில்லிமீட்டர். இந்தக் கணக்கைக் கடைப் பையன்கள் எல்லோருக்கும் முதல் வாரமே சொல்லிக்கொடுத்துவிடுவேன். பேப்பரும் பேனாவும் போதும். கடைசியில் இருக்கிற 69S-ஐ யாரும் படிப்பதில்லை. 69 என்றால் அந்த டயர் தாங்கும் எடை 325 கிலோ. S என்றால் மணிக்கு 180 கிலோமீட்டர் வரை. நான் அந்த வரியைப் பின்னாலிருந்துதான் படிப்பேன்.

ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், பேரூர்ப் பக்கம், ஒரு 800 வைத்திருந்தார். நாலு டயரும் மொட்டை. அவர் போன கடையில் 145/70 கையிருப்பில் இல்லை. “ஆல்டோ டயர் அப்படியே உட்காரும் சார், அதே 12, அதே 145” என்று சொல்லி விலையும் சொல்லியிருக்கிறார்கள். ஆல்டோவின் சைஸ் 145/80 R12. ரிம்மில் அப்படியே உட்காரும் என்பது உண்மைதான். அது தாங்கும் எடையும் கூடுதல், சைடில் 74 என்று இருக்கும், 375 கிலோ. எடை விஷயத்தில் குறையே இல்லை. ஆனால் விட்டம் 536.8 மில்லிமீட்டர். அசலைவிட 29 மில்லிமீட்டர் பெரிது, நூற்றுக்குக் கிட்டத்தட்ட ஆறு.

“ஆறு சதவீதத்தில் என்ன ஆகிடப் போகுது தம்பி?” என்றார் வாத்தியார். கணக்கு வாத்தியார்தான். அவரையே போடச் சொன்னேன். ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி 63-க்கு மேல் ஓடும், 80 காட்டும்போது 84-ஐத் தாண்டிவிடும். கிலோமீட்டர் எண்ணிக்கை குறைவாக ஏறும். ஆயில் மாற்றும் கணக்கும் மைலேஜ் கணக்கும் அதனால் தப்பும். இவையெல்லாம் சின்னவை. பெரியது மலையில் வரும். சக்கரம் பெரிதானால் ஒவ்வொரு கியரும் அந்த அளவுக்கு உயர்ந்துபோகும். 796 சிசி என்ஜின் முதல் கியரில் கொண்டை ஊசியில் நின்று கிளம்பும்போது அந்த ஆறு சதவீதத்தைக் கிளட்ச்தான் சுமக்கும். பிரேக்கும் அப்படித்தான். பெடலில் அதே அழுத்தம், டிஸ்க்கில் அதே பிடி. ஆனால் தரைக்கும் அச்சுக்கும் இடையே தூரம் கூடிவிட்டதால் தரையில் கிடைக்கும் நிறுத்தும் விசை ஏறக்குறைய 5 சதவீதம் குறையும். இறக்கத்தில் மிதித்துக்கொண்டே வருகிற ஆளுக்கு அது தெரியும்.

வாத்தியார் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அசல் சைஸ் எப்ப வரும்?” என்று கேட்டார். வரவழைத்துக் கொடுத்தேன். பழைய வண்டிக்கு நான் சொல்லும் முதல் பதில் எப்போதும் அதுதான். அசல் சைஸ் ஒரு வாரம் காத்திருந்தால் கிடைக்குமென்றால் காத்திருங்கள். வேறு சைஸுக்குப் போவது கிடைக்கவே கிடைக்காதபோது செய்ய வேண்டிய வேலை.

போய்த்தான் ஆக வேண்டும் என்றால் எவ்வளவு தூரம் போகலாம்? விட்டத்தில் 3 சதவீதத்துக்குள் என்பது தொழிலில் பொதுவாகச் சொல்லும் எல்லை. நான் என் கடையில் 2-ஐத் தாண்ட விடுவதில்லை, அதுவும் பெரிதாகும் பக்கம் 1.5-க்கு மேல் யோசிப்பேன். வண்டி செய்கிறவர்களே எப்படி மாற்றுகிறார்கள் என்று பார்த்தால் இது விளங்கும். 2005-இல் வந்த முதல் ஸ்விஃப்டில் கீழ் மாடல்களுக்கு 165/80 R14, மேல் மாடலுக்கு 185/70 R14 கொடுத்தார்கள். முதலாவதின் விட்டம் 619.6, இரண்டாவது 614.6. அகலம் 20 மில்லிமீட்டர் கூடியும் உயரம் ஒரு சதவீதம்கூட மாறவில்லை. ஸ்விஃப்ட் வைத்திருக்கிறவருக்கு இந்த இரண்டுக்குள் எதை மாட்டினாலும் நான் மறுபேச்சுப் பேசமாட்டேன். கம்பெனியே ஓட்டிப் பார்த்த அளவுகள் அவை.

ஹூண்டாய் அக்சென்ட் கதை வேறு. 175/70 R13, எடை எண் 82, அதாவது 475 கிலோ. விட்டம் 575.2. பையன்கள் இந்த வண்டியை வாங்கினதும் அலாய்க்கு வருவார்கள். ஒரு அங்குலம் ஏற்றினால் 185/60 R14: விட்டம் 577.6, எடை எண் அதே 82. அருமையான பொருத்தம், நானே பலருக்கு மாட்டியிருக்கிறேன். இரண்டு அங்குலம் ஏற்றினால் 195/50 R15: விட்டம் 576, எடை எண் அதுவும் 82. பேப்பரில் பார்த்தால் இதுதான் இன்னும் நெருக்கம். தொண்டாமுத்தூரிலிருந்து வந்த ஒரு தம்பி இந்தக் கணக்கைப் போனில் போட்டுக் கொண்டுவந்து காட்டினான். கணக்கில் ஒரு தப்பும் இல்லை. நான் அவனிடம் வேறொரு எண்ணைக் கேட்டேன்: சுவர் எவ்வளவு உயரம்? 13-இல் 122.5 மில்லிமீட்டர், 14-இல் 111, 15-இல் 97.5. சாலைக் குழியில் சக்கரம் விழும்போது ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே இருப்பது அந்தச் சுவர் மட்டும்தான். அவன் தினமும் போகிற சிறுவாணிச் சாலையில் மழைக்குப் பிறகு ஒரு முறை போய்ப் பார்த்தவர்களுக்கு 25 மில்லிமீட்டர் எவ்வளவு பெரியது என்று தெரியும். சுவர் நசுங்கி உள்ளே நூல் அறுந்தால் வெளியே டயர் உப்பிக்கொண்டு நிற்கும். அதற்கு ஒட்டு கிடையாது. அலாயின் விளிம்பு வளைந்தால் தட்டி நிமிர்த்துகிறவர்கள் இருக்கிறார்கள். தட்டி நிமிர்த்திய அலாயை நான் முன்சக்கரத்தில் மாட்டுவதில்லை, விரிசல் எங்கே தொடங்கியிருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாது.

அந்தத் தம்பிக்கு 14-ஐச் சொன்னேன். ஒப்புக்கொண்டான். வேறு சிலர் ஒப்புக்கொள்ளாமல் பக்கத்துக் கடைக்குப் போவதும் உண்டு.

ரிம்மின் அகலமும் இதில் சேர்த்துப் பார்க்க வேண்டிய ஒன்று, பலர் இதைக் கேட்பதே இல்லை. ஒவ்வொரு டயருக்கும் இந்த அகலத்திலிருந்து இந்த அகலம் வரை உள்ள ரிம்மில்தான் உட்காரலாம் என்று டயர் கம்பெனியின் அட்டவணையில் இருக்கும். 185/60 R14-க்கு 5 முதல் 6.5 அங்குலம். 195/50 R15-க்கு 5.5 முதல் 7. பழைய வண்டிகளின் இரும்பு ரிம்கள் ஒல்லி, 4, 4.5 அங்குல ரிம்களை இன்றும் தினம் பார்க்கிறேன். அதில் அகல டயரை ஏற்றிக் காற்றடித்தால் உட்காரத்தான் செய்யும். ஆனால் சுவர் இரண்டு பக்கமும் வெளியே பிதுங்கி, தரையில் படும் பட்டன் நடுவில் குவிந்து நிற்கும். நடுப்பகுதி மட்டும் தேயும். வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பியதும் வண்டி ஒரு கணம் யோசித்துவிட்டுத் திரும்பும். அந்த ஒரு கணம் சுவர் மடங்கும் நேரம்.

எடை பற்றி இன்னும் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் தொழிலில் என்னைத் தூங்கவிடாமல் செய்தது அதுதான். ஆம்னி வேன். 1984 முதல் 2019 வரை செய்தார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு எங்கள் தெருக்களில் காலையும் மாலையும் ஓடுகிற வண்டி. அதன் டயர் 145 R12 எல்டி. எல்டி என்றால் சரக்கு வண்டிக்கான டயர். சுவரில் பிளை கூடுதல், காற்றும் கூடுதலாக அடிக்க வேண்டும். 6 பிளை டயரில் 80/78 என்று இருக்கும். ஒற்றைச் சக்கரமாக மாட்டினால் 450 கிலோ, ஜோடியாக மாட்டினால் ஒவ்வொன்றும் 425. இந்த எல்டி டயர் விலை அதிகம். ஆல்டோவின் 145/80 R12 விலை குறைவு. ரிம் அதே 12. 145-க்குப் பிறகு எண் எழுதாத பழைய வகை டயர்களில் சுவர் ஏறக்குறைய 82 சதவீதம் என்று கொள்வது வழக்கம். அதனால் விட்டமும் கிட்டத்தட்ட ஒன்று. மாட்டினால் கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. ஸ்பீடோமீட்டரும் தப்பாது. எங்கேயும் உரசாது. ஆனால் தாங்கும் எடை ஒரு சக்கரத்துக்கு 75 கிலோ குறைந்துவிட்டது. பின்னால் இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து 150 கிலோ, ஐந்து பள்ளிப் பிள்ளைகளின் எடை. ஏப்ரல் வெயிலில், காற்றுக் கொஞ்சம் குறைந்த நேரத்தில், சுவர் மடங்கி மடங்கிச் சூடாகி அந்த டயர் வெடிக்கும்போது சைஸ் தப்பு என்று யாரும் சொல்லமாட்டார்கள். டயர் மட்டம் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

ஒரு வேன் டிரைவர் அண்ணன் என்னோடு சண்டைக்கே வந்தார். “எல்லாரும் இதத்தான் போட்டு ஓட்றாங்க, நீங்க மட்டும் மாட்ட மாட்டேன்னா எப்படிங்க?” அவர் நிலைமை எனக்குப் புரிகிறது. மாதாந்திரத் தவணை, பெட்ரோல் விலை, பெற்றோர் கொடுக்கும் வாடகையும் தாமதம். ஆனால் இதில் பேரம் கிடையாது. பின்னால் இரண்டு எல்டியும் இப்போது, முன்னால் இரண்டும் அடுத்த மாதம், கடனுக்கு என்று முடித்தோம். எடை எண் அசலைவிடக் குறைந்த டயரை எந்த வண்டிக்கும், எந்த விலைக்கும், எவ்வளவு நெருங்கிய சிநேகிதருக்கும் நான் மாட்டமாட்டேன். விட்டத்தில் ஒரு சதவீதம் முன்னே பின்னே பேசலாம். இதில் பேச ஒன்றுமில்லை. வேக எழுத்தையும் அப்படித்தான் வைத்திருக்கிறேன். T இருந்த இடத்தில் S மாட்டுவதில்லை. இவ்வளவு வேகமாக யார் ஓட்டுகிறார்கள் என்று கேட்பவர்களுக்கு, அந்த எழுத்து டயர் எவ்வளவு சூட்டைத் தாங்கும் என்பதையும் சொல்கிறது என்று பதில் சொல்வேன்.

டயர் சரி என்றானபின் ரிம். இங்கேதான் கண்ணை ஏமாற்றுகிற ஆபத்து இருக்கிறது. நட்டு போடும் துளைகள் ஒரு வட்டத்தில் இருக்கும். அந்த வட்டத்தின் விட்டத்தைப் பிசிடி என்போம். நாலு துளை ரிம்மில் எதிரெதிர்த் துளைகளின் நடுவிலிருந்து நடுவுக்கு அளந்தால் போதும். மாருதி 800-க்கும் ஆம்னிக்கும் 114.3. ஸ்விஃப்டுக்கும் அக்சென்டுக்கும் பழைய ஹோண்டா சிட்டிக்கும் 100. ஃபியட் பாலியோவுக்கு 98. 114.3-ஐ 100-இல் மாட்ட முயன்றால் போல்ட் நுழையவே நுழையாது, அதனால் அங்கே ஆபத்தும் இல்லை. 98-க்கும் 100-க்கும் இடையேதான் வம்பு. சந்தையில் கிடைக்கும் நாலு துளை அலாய்களில் பெரும்பாலானவை 100. அதைப் பாலியோவில் வைத்தால் போல்ட் நுழையும். கொஞ்சம் இறுக்கமாக இருக்கும், கன் வைத்து இறுக்கினால் இறங்கியும்விடும். ஒவ்வொரு துளையும் ஒரு மில்லிமீட்டர் மட்டுமே விலகியிருக்கிறது. ஆனால் அந்த ஒரு மில்லிமீட்டரால் போல்ட்டின் கூம்புத் தலை துளையின் கூம்பில் முழுதாக உட்காராது, ஒரு ஓரத்தில் மட்டும் முட்டிக்கொண்டு சாய்ந்து நிற்கும். இறுக்கம் இருப்பதுபோல் தோன்றும். நூறு கிலோமீட்டர் ஓடினால் அந்த ஓரம் தேய்ந்து போல்ட் தளரும், அல்லது சாய்வாகவே இழுபட்டு இழுபட்டு முறியும்.

ஒரு பாலியோ, ஸ்டியரிங் ஆடுகிறது என்று அலைன்மெண்டுக்கு வந்தது. வேறொரு இடத்தில் அலாய் மாட்டியிருந்தார்கள். அலைன்மெண்ட் மெஷினில் ஏற்றும் முன் சக்கரத்தைக் கழற்றச் சொன்னேன். இரண்டு போல்ட் கையாலேயே சுற்றியது. கழற்றிய போல்ட்டின் கூம்பில் ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தது, மறுபக்கம் பெயிண்ட்கூட போகவில்லை. வண்டிக்காரருக்கு அதைக் கையில் கொடுத்துக் காட்டினேன். அன்றைக்கே அவருடைய பழைய இரும்பு ரிம்களை வீட்டிலிருந்து வரவழைத்து மாட்டி அனுப்பினோம்.

நடுத்துளையும் முக்கியம். பாலியோவின் ஹப்புக்கு 58.1 மில்லிமீட்டர், பழைய சிட்டிக்கு 56.1, ஸ்விஃப்டுக்கு 54.1. கடை அலாய்களில் எல்லாவற்றுக்கும் பொருந்தட்டும் என்று 73.1 வரை பெரிதாகக் குடைந்திருப்பார்கள். இடைவெளியை நிரப்ப ஒரு வளையம் போட வேண்டும். வளையம் போடாவிட்டால் சக்கரம் நடுவில் நிற்காமல் நட்டுகளை நம்பியே நிற்கும், எண்பதைத் தாண்டியதும் நடுக்கம் வரும், எத்தனை முறை பேலன்ஸ் செய்தாலும் போகாது. அந்த வளையத்தின் விலை ஒரு பிரியாணியின் விலைகூட வராது.

நட்டிலும் வித்தியாசம் இருக்கிறது. மாருதி நட்டின் புரி 12-க்கு 1.25, ஹோண்டாவுக்கும் ஹூண்டாய்க்கும் 12-க்கு 1.5. மாற்றிப் போட்டால் முதல் இரண்டு சுற்று இறங்கும், அதற்குப் பிறகு ஸ்டட்டின் புரியைத் தின்றுவிடும். ஹோண்டாவின் அசல் ரிம்மில் நட்டு உட்காரும் இடம் உருண்டை, வெளி அலாய்களில் கூம்பு. உருண்டை நட்டைக் கூம்புத் துளையில் போட்டால் ஒரு கோட்டில் மட்டும் தொட்டு நிற்கும். சிட்டிக்கு அலாய் வாங்குகிறவர் நட்டு செட்டையும் கூடவே வாங்க வேண்டும்.

அடுத்தது ஆஃப்செட். ரிம்மின் உள்பக்கம் ET45, ET35 என்று அடித்திருப்பார்கள். ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் அமரும் முகம் எவ்வளவு வெளியே இருக்கிறது என்ற கணக்கு. 45 இருந்த இடத்தில் 35 மாட்டினால் சக்கரம் 10 மில்லிமீட்டர் வெளியே போகும். ரிம்மும் ஒரு அங்குலம் அகலமானால் வெளிவிளிம்பு இன்னும் 12.7 தள்ளும், மொத்தம் 22.7. மட்கார்டைத் தாண்டி நிற்பது அழகு என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். சக்கரம் வெளியே போகப் போக வீல் பேரிங்கின் மேல் நெம்புகோல் நீளுகிறது. இருபது வருடம் ஓடிய பேரிங் அது. பிரேக் பிடிக்கும்போது ஸ்டியரிங் ஒரு பக்கம் பிடித்து இழுக்கும். அலாயை வெளியே தள்ள ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவே ஸ்பேசர் தட்டு வைக்கச் சொல்பவர்களும் உண்டு. அந்த அளவுக்கு நட்டு பிடிக்கிற புரியின் நீளம் குறையும். என் கடையில் ஸ்பேசர் கிடையாது.

ரேடியல் காலத்துக்கு முந்தைய வண்டிகள் தனி உலகம். அம்பாசிடர் 5.90-15, பிரீமியர் பத்மினி 5.20-14. முதல் எண் அகலம், அங்குலத்தில். சுவரின் உயரத்தை எழுதும் வழக்கமே அப்போது இல்லை, அதனால் பேப்பர் கணக்கு உதவாது. நான் செய்வது இதுதான்: நல்ல நிலையில் உள்ள பழைய டயர் ஒன்றாவது இருந்தால், சரியான காற்றடித்து, வண்டி எடையோடு நிற்கும்போது டயரின் அடியிலும் தரையிலும் சாக்பீஸால் ஒரு கோடு. வண்டியை நேராகத் தள்ளி, கோடு மறுபடி அடியில் வரும்போது தரையில் இன்னொரு கோடு. இரண்டு கோட்டுக்கும் இடையே டேப் வைத்தால் ஒரு சுற்றின் நீளம். மாட்டப்போகும் ரேடியலையும் அதேபோல் உருட்டி ஒப்பிட்டால் எந்த அட்டவணையையும்விட உண்மையான விடை கிடைக்கும். பொள்ளாச்சித் தென்னந்தோப்புக்காரர் ஒருவரின் அம்பாசிடருக்கு இப்படி இரண்டு மூன்று அளவுகளை உருட்டிப் பார்த்த பிறகே ஒன்றை முடிவு செய்தோம்.

அந்த வண்டியில் வேறு இரண்டு விஷயங்களையும் பார்க்க வேண்டியிருந்தது. முன்னால் ரேடியல், பின்னால் ரேடியலுக்கு முந்தைய வகை நைலான் என்று கலந்திருந்தது. ஒரே அச்சில் கலப்பது கூடவே கூடாது. அச்சுக்கு அச்சு கலப்பதிலும், முன்னால் ரேடியல் வைப்பது மோசமான முறை. ரேடியல் வளைவில் அதிகம் பிடிக்கும், பின்னால் நைலான் முதலில் விட்டுவிடும், வண்டியின் வால் சுழலும். இரண்டாவது, அவர் டியூப்லெஸ் கேட்டார். அந்தக் காலத்து ரிம் டியூபுக்காகச் செய்தது. டியூப்லெஸ் ரிம்மின் உள்விளிம்பில் ஒரு மேடு ஓடும்; காற்று இறங்கினாலும் வளைவில் டயரின் பீட் உள்ளே சரியாமல் அது பிடித்துக்கொள்ளும். பழைய ரிம்மில் அந்த மேடு இல்லை. துருவும் இருந்தது. ரேடியலுக்கான டியூப் போட்டு மாட்டினோம்.

இந்த மாதிரி வண்டிகளுக்கு நான் எப்போதும் பார்ப்பது டயரின் வயது. தோப்பு ஷெட்டில் நின்று, திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் வெளியே வரும் வண்டியில் பட்டன் புதுசுபோல இருக்கும். சட்டப்படி கார் டயருக்கு 1.6 மில்லிமீட்டர் ஆழம் வேண்டும். இதில் 6 இருக்கும். சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2309 என்றால் 2009-ஆம் வருடம் 23-ஆவது வாரம் செய்தது. எண் மூன்று இலக்கமாக இருந்தால் அந்த டயர் 2000-க்கு முந்தையது, தொடவே வேண்டாம். ரப்பர் நின்றுகொண்டே இறுகும், சுவரின் அடியில் மயிரிழை வெடிப்புகள் ஓடும். ஐந்து வருடம் தாண்டினால் வருடத்துக்கு ஒருமுறை கழற்றி உள்ளேயும் பார்க்கச் சொல்வேன். பத்து வருடமானால் பட்டன் எவ்வளவு இருந்தாலும் எடுத்துவிட வேண்டும். அரிதான சைஸ் தேடுகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். விற்காமல் குடோனில் கிடந்த சரக்கைப் புது டயர் என்று கொடுப்பார்கள். லேபிள்கூட ஒட்டியிருக்கும். பணம் கொடுப்பதற்கு முன் நாலு டயரின் எண்ணையும் படிக்க வேண்டும்; செட்டில் ஒன்று மட்டும் பழையதாக வருவதும் உண்டு.

சைஸ் மாறிய எந்த வண்டியையும் மாட்டிய உடனே அனுப்புவதில்லை. ஸ்டியரிங்கை இடது முட்டிலிருந்து வலது முட்டு வரை திருப்பி, உள்ளே டார்ச் அடித்து, பிரேக் ஹோஸுக்கும் ஸ்ட்ரட்டுக்கும் எவ்வளவு இடம் இருக்கிறது என்று விரலால் பார்ப்போம். இரண்டு நூல் இடமாவது வேண்டும். பிறகு கடைப் பையன்கள் மூன்று பேரைப் பின்சீட்டில் உட்காரவைத்து, டிக்கியில் பழைய டயர்களைப் போட்டு, பக்கத்து வேகத்தடையில் ஏற்றி இறக்குவோம். மட்கார்டின் உள்விளிம்பில் தடவிய சாக்பீஸ் டயரில் ஒட்டியிருந்தால் சைஸ் திரும்பிப் போகும். விளிம்பைத் தட்டி மடக்கி இடம் செய்கிற வேலையை நாங்கள் செய்வதில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு வண்டி செய்தவனின் அளவுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாகச் சொல்லிவிட்டது. விபத்து நடந்து இன்ஷூரன்ஸ் ஆள் வந்து நிற்கும்போது டேப்பை வைத்து அளப்பது மட்கார்டுக்கு வெளியே நிற்கும் சக்கரத்தைத்தான்.

காற்றின் அளவு வண்டிப் புத்தகத்தில் அசல் சைஸுக்கு எழுதியது. சைஸ் மாறினால் புது டயர் அந்தக் காற்றில் அதே எடையைத் தாங்குமா என்று டயர் கம்பெனியின் அட்டவணையில் பார்த்து, எழுதி, பெட்ரோல் டேங்க் மூடியின் உள்பக்கம் ஒட்டிவிடுகிறேன். டயரின் சுவரில் அச்சிட்டிருப்பது அதிகபட்சக் காற்று. அதையே அடிக்கச் சொல்பவர்களைக் கேட்க வேண்டாம். நட்டைக் கன்னால் இறுக்கி முடிப்பதும் இல்லை. கடைசி இறுக்கம் டார்க் ஸ்பேனரில், குறுக்குக் குறுக்காக. அலாய் என்றால் ஐம்பதிலிருந்து நூறு கிலோமீட்டருக்குள் திரும்ப வந்து ஒருமுறை பார்த்துவிட்டுப் போக வேண்டும். இதற்குக் காசு வாங்குவதில்லை, ஆனாலும் வராதவர்களுக்கு நாங்களே போன் செய்கிறோம்.

நாலையும் மாற்றியவர்கள் மறப்பது ஐந்தாவதை. டிக்கியில் பழைய சைஸில், பழைய இரும்பு ரிம்மில், வருடக்கணக்காகக் காற்றுப் பார்க்காத ஸ்டெப்னி கிடக்கும். அலாய்க்கு வாங்கிய நட்டு அந்த இரும்பு ரிம்மில் உட்காராமல் போகலாம். கொண்டை ஊசியில் பஞ்சராகி நிற்கும்போதுதான் அது தெரியும். அதனால் அலாய் மாட்டிய ஒவ்வொரு வண்டியிலும் பழைய நட்டு நாலையும் ஒரு துணிப்பையில் கட்டி ஸ்டெப்னியின் நடுவிலேயே போட்டு வைக்கிறோம். ஸ்டெப்னி வேறு விட்டம் என்றால் முன்சக்கர டிரைவ் வண்டியில் அதை முன்னால் மாட்ட வேண்டாம்; முன்சக்கரம் பஞ்சரானால் பின்சக்கரம் ஒன்றை எடுத்து முன்னால் போட்டு, ஸ்டெப்னியைப் பின்னால் போட்டு, அடுத்த பஞ்சர் கடை வரைக்கும் மெதுவாக ஓட்டுங்கள். ஸ்டெப்னியின் காற்றை மலை ஏறுவதற்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள்.